மல்லாட்டைக்கு நாலு வூட்டு விருந்து

இன்னா தம்பி, முதுகுல ஸ்பிரேயரு, கையில போனு! மல்லாட்டைக் கொல்லிக்கு மருந்தடிக்கப் போறியா, படம் புடிக்கப் போறியா?

மஞ்சளா ஒரு எலையக் கண்டா போதும், கடைக்கு ஓடுவே. நுண்ணூட்டக் கலவை ஒரு பை. ஜிங்க் சல்பேட்டு ஒரு பை. போராக்ஸு ஒரு பை. அதுக்கு மேல கலரு படம் போட்ட டப்பால ஒரு தெளிப்பு. பையத் திருப்பி எழுத்துக் கூட்டிப் படிச்சியா? அந்தக் கலவையிலயே ஜிங்க்கும் இருக்கு, போரானும் இருக்கு. ஒரே மாப்பிள்ளைய ஒரே ராத்திரி நாலு வூட்டுல விருந்துக்கு ஒக்கார வெச்சா வயிறு இன்னாவும்?

திண்டிவனத்துலயே எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கு. டி.எம்.வி. 7 அங்கேருந்து வந்த மல்லாட்டைதான். அங்க போய்க் கேக்க உனக்கு நேரமில்ல. அமெரிக்காக்காரன் வீடியோவுக்கு மட்டும் அரை நாளு!

வேளாண் பல்கலைக்கழகம் சொல்றது ஏக்கருக்கு 5 கிலோ கலவை. மணல்ல கலந்து தூவு, அவ்ளோதான். போரான் கொறஞ்சிருக்கா? பருப்பப் பொளந்து பாரு, நடுவுல பழுப்பேறிக் குழி விழுந்திருக்கும். நம்ம செம்மண்ணுல மழை அதக் கரைச்சிக்கினு போயிடும், கொறையறது நெசந்தான். மிஞ்சினா? அடி எலையோட ஓரமெல்லாம் கருகும். நீ அதையும் சத்துக் கொறவுன்னு நெனச்சி இன்னொரு டப்பா வாங்குவே. கடைக்காரரு பொண்ணு கல்யாணம் இந்த வருசமே நடந்துடும்.

ஜிங்க் அதவிட வம்பு. மழையோட போவாது, மண்ணப் புடிச்சிக்கினு கெடக்கும். மிஞ்சிப்போனா மல்லாட்டை தாங்காதுடா. செடி குட்டையாவும், தண்டு அடியில வெடிக்கும்.

2015லேருந்து சர்க்காரு மண்வள அட்டை குடுக்குது. 12 சங்கதி சொல்லும். ஜிங்க், போரான், இரும்பு, செம்பு, மாங்கனீசு எல்லாம் உண்டு. உன் அட்டை எங்க? காலண்டருக்குப் பின்னால சொருகியிருக்கே.

அதுக்கு நீ மண்ணு எடுத்த அழகத்தான் பாத்தேனே! வேப்பமர நெழலு, எருக்குழி ஓரம். எடம் சொகமா இருந்துச்சி போல. கொல்லிக்குள்ள எறங்கி, பத்து எடத்துல அரையடி ஆழம் வெட்டி எடுக்கணும். நீ அள்ளினது எதுல? ஜிங்க் பூசின தகர பக்கெட்டுல. ஜிங்க் தாராளமா இருக்குன்னு ரிப்போர்ட்டு வராம வேற இன்னா வரும்? கெணத்தாண்ட பிளாஸ்டிக் வாளி ஒண்ணு கெடக்கு, எடுத்துக்கினு வா.