எண்பது எழுத்துக்காரர்

அமெரிக்கப் புறநகர் வீடுகளில் கார் நிறுத்துவதற்கென்று ஒரு கொட்டகை உண்டு. காரைத் தவிர மற்ற எல்லாம் அதில் நிறுத்தப்பட்டிருந்தால், அந்த வீட்டில் ஓர் எண்பது எழுத்துக்காரர் வசிக்கிறார் என்று கொள்ளலாம். ஈபே ஏலத் தளத்தில் பழைய சாமான் விற்பவர் இவர். இதைத் தொழில் என்று இவர் சொல்வார். வீட்டில் வேறு பெயர் வைத்திருப்பார்கள். சனிக்கிழமை விடிந்ததும் அக்கம்பக்கத்துக் கராஜ் சேல்களைச் சுற்றி, மூன்று டாலருக்கு ஒரு கேமரா, ஒரு டாலருக்கு ஒரு வாஃபிள் கல், சும்மா கொடுத்ததால் ஒரு மீன்தொட்டி என்று வாங்கி வருவார். ஞாயிறு முழுக்க அவற்றுக்குத் தலைப்பு எழுதுவார். பெயர்க்காரணமும் அதுதான். ஒரு பொருளின் தலைப்புக்கு ஈபே அனுமதிப்பது, இடைவெளியையும் சேர்த்து, 80 எழுத்து. 2011 வரை அது 55 ஆக இருந்தது. கூடுதலாகக் கொடுத்த 25 எழுத்தில் பொருளைப் பற்றி இன்னும் நாலு விவரம் வரும் என்று தளத்தார் எதிர்பார்த்திருக்கலாம். ஆச்சரியக்குறிகளின் பஞ்சம் தீர்ந்தது என்றே இவர் மகிழ்ந்தார்.

இவருடைய வகையறாவுக்கு ஒரு தலபுராணமும் உண்டு. பியர் ஒமிட்யார் 1995 செப்டம்பரில் ஆக்‌ஷன்வெப் என்ற பெயரில் இந்தத் தளத்தைத் தொடங்கியபோது முதலில் விலைபோனது ஓர் உடைந்த லேசர் பாயின்டர், விலை 14.83 டாலர். ‘உடைந்தது என்று தெரிந்துதானே வாங்குகிறீர்கள்?’ என்று ஒமிட்யார் கேட்டாராம். உடைந்த லேசர் பாயின்டர்களைச் சேகரிப்பதே தன் பொழுதுபோக்கு என்று பதில் வந்ததாம். எதை விற்றாலும் வாங்க ஓர் ஆள் உண்டு என்று எண்பது எழுத்துக்காரர் இதிலிருந்து கற்றுக்கொண்டார். உடைந்ததை உடைந்தது என்று எழுதியே விற்கலாம் என்ற பகுதி அவர் கண்ணில் படவில்லை.

தலைப்பின் வேலை மிக எளிது. வாங்க நினைப்பவர் தேடல் பெட்டியில் சில சொற்களைத் தட்டுகிறார். தளம் முதலில் தலைப்புகளில்தான் அவற்றைத் தேடுகிறது. கீழே உள்ள நீண்ட வர்ணனையிலும் தேட வேண்டுமென்றால் அதற்கென்று தனியாக ஒரு கட்டத்தை டிக் செய்ய வேண்டும். அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்பவர் அபூர்வம். ஆகவே வாங்குபவர் தட்டக்கூடிய சொற்கள் தலைப்பில் இருக்க வேண்டும்: கம்பெனி, மாடல், அளவு, நிறம், நிலை. எண்பது எழுத்துக்காரருக்கு இது தெரியாததல்ல. மச்சினனுக்கு இதைப் பற்றி அரைமணி நேரம் வகுப்பே எடுப்பார். தன் பொருளுக்கு எழுத உட்காரும்போதுதான் மனம் கேட்பதில்லை.

அந்த மூன்று டாலர் கேமராவையே எடுத்துக்கொள்ளலாம். 1976-இல் வந்த கேனன் ஏஇ-1. லட்சக்கணக்கில் விற்ற மாடல். ‘கேனன் ஏஇ-1 35 மி.மீ. எஸ்எல்ஆர் ஃபிலிம் கேமரா 50 மி.மீ. எஃப்/1.8 எஃப்டி லென்ஸ் டெஸ்டட் வொர்க்கிங்’ என்பதை ஆங்கிலத்தில் அடித்தால் 65 எழுத்து ஆகும். ‘பிளாக்’ என்று நிறத்தையும் சேர்த்தால் 71. இதற்குமேல் யாரும் எதையும் தேடப்போவதில்லை. சாதாரண மனிதர் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் தூங்கப் போவார். ஆனால் பெட்டியின் ஓரத்தில் இன்னும் ஒன்பது எழுத்து பாக்கி என்று காட்டுகிறது. காசு கொடுக்காமல் கிடைக்கும் எதையும் விட்டுவைக்காதவர்தானே மீன்தொட்டியைத் தூக்கி வந்தார்? ‘ரேர்’ என்று சேர்க்கிறார்; இடைவெளியோடு ஐந்து போயிற்று. ‘வாவ்’ என்று சேர்க்கிறார், நாலு. கணக்கு 80-இல் வந்து கச்சிதமாக நிற்கிறது. நின்ற பிறகுதான் வாவுக்குப் பின்னால் ஆச்சரியக்குறிக்கு இடமில்லை என்பது உறைக்கிறது. தலைப்பைத் திரும்பப் படித்து, ‘எஃப்டி’ என்பது என்னவோ சின்ன விஷயம் என்று தீர்மானித்து அதை எடுக்கிறார். அந்த மூன்று எழுத்து இடத்தில் மூன்று ஆச்சரியக்குறிகள் உட்காருகின்றன. எந்த கேமராவில் அந்த லென்ஸ் பொருந்தும் என்று சொல்வதே அந்த இரண்டு எழுத்துத்தான். லென்ஸுக்காகத் தேடுகிறவர் தட்டுவதும் அதைத்தான்.

‘வாவ்’ நவீன வழக்கு. பழைய தலைமுறை வேறொன்றைக் கையாண்டது: ‘பார்’ என்று பொருள்படும் ‘லுக்’ என்ற ஆங்கிலச் சொல்லின் நடுவிலிருக்கும் இரண்டு ‘ஓ’க்களை நீக்கி, மின்னஞ்சல் முகவரியில் வரும் ‘அட்’ குறியை இரண்டு விழிகளாகப் பதித்துவிடுவது. சந்தையில் வளையல்காரர் கூவுவதன் எழுத்து வடிவம் இது. சந்தைக்கு வந்தவர்களுக்குக் காது இருக்கிறது. தேடல் பெட்டிக்குக் கிடையாது. முழித்த கண்ணோடு ஒரு சொல்லைத் தட்டி கேமரா தேடியவர் உலகில் யாரும் இல்லை. சுருக்கெழுத்துகளும் இவருக்கு உயிர். ‘என்ஐபி’ என்றால் பெட்டி பிரிக்காத புதுசு. ‘விஎச்டிஎஃப்’ என்றால் கிடைப்பதே வெகு கஷ்டம். இதை ஒரே நாளில் நூறு பேர் எழுதியிருப்பார்கள். சிகரெட் புகையும் நாய் பூனையும் இல்லாத வீட்டிலிருந்து வருகிறது என்பதற்கும் ஐந்தெழுத்துச் சுருக்கம் ஒன்று உண்டு. தலைப்பில் அதைப் பார்க்கிறவர்கள் ராணுவ ரகசியம் என்று நினைத்து நகர்ந்துவிடுகிறார்கள்.

கேமரா ஓடவில்லை என்றால் இவருடைய மொழி மென்மையாகிவிடும். ஓடாத சாமானுக்கென்று தளத்தில் முறையான ஒரு வகையே இருக்கிறது. ‘உதிரிபாகத்துக்கு, அல்லது வேலை செய்யாதது’ என்று தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் போதும். பழுது பார்ப்பவர்கள் அதைத் தேடித்தான் வருகிறார்கள். இவரோ ‘அன்டெஸ்டட்’ என்று எழுதுவார். ஏஇ-1 பேட்டரி இல்லாமல் ஷட்டரை அசைக்காது என்பது உண்மை. அதற்கு வேண்டியது ஒரு சின்ன 6 வோல்ட் பேட்டரி, சில டாலர்தான் விலை என்பதும் உண்மை. மேஜை டிராயரில் அந்த பேட்டரி நாலு கிடப்பதையும், நாலையும் போட்டுப் பார்த்த பிறகுதான் ‘பேட்டரி இல்லாததால் சோதிக்க இயலவில்லை’ என்ற வாக்கியம் பிறந்தது என்பதையும் அனுபவப்பட்ட வாங்குபவர் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார்.

இன்னும் துணிந்த பிரிவினர் ‘அல்ல’ என்ற சொல்லைப் பயன்படுத்துவார்கள். சாதாரணக் கைக்கடிகாரத்துக்கு ‘ரோலெக்ஸ் அல்ல’ என்று தலைப்பு. ரோலெக்ஸ் தேடுகிறவர் கண்ணிலும் பட்டுவிட வேண்டும், பொய் சொன்ன பாவமும் வேண்டாம். தளத்தின் விதி இதைச் சொல் மோசடி என்றே கணக்கில் எடுத்து, பட்டியலைத் தூக்கிவிடும். உண்மை பேசியதற்குத் தண்டனையா என்று எண்பது எழுத்துக்காரர் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதும் கடிதத்துக்கு மட்டும் எழுத்து வரம்பு இல்லை.

ஆச்சரியக்குறிகளை எண்ணிக்கொண்டிருந்ததில் ‘கேனன்’ என்பதில் ஒரு ‘என்’ கூடி, ஆங்கிலத்தில் பீரங்கி ஆகிவிடுவதும் நடக்கும். தளத்தின் தேடல் இப்போது பல பிழைகளைத் தானே திருத்திக்கொள்கிறது. தப்பியவற்றைப் பிடிப்பதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. ஒரு சொல்லைக் கொடுத்தால் அதற்கு எத்தனை எழுத்துப்பிழை சாத்தியமோ அத்தனையையும் தேடித்தரும் ஃபேட் ஃபிங்கர்ஸ் போன்ற கருவிகள் அவர்கள் கையில் உண்டு. போட்டியில்லாமல் பீரங்கியை ஏலம் எடுத்துப் போவார்கள். ஒருவர் ஏலம் கேட்டுவிட்டால் அதன்பின் தலைப்பைத் திருத்தவும் முடியாது; கேமரா கையை விட்டுப் போவதை உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும். 2007-இல் இதற்கு ஒரு பெரிய உதாரணம் கிடைத்தது. எட்வர்ட் பெல்ச்சரின் 1852 ஆர்க்டிக் பயணத்துக்காகக் காய்ச்சிய ஆல்சாப் பீரின் ஒரு புட்டி ஈபேயில் வந்தது. பெயரில் ஒரு ‘பி’ விட்டுப்போயிருந்தது. 304 டாலருக்கு வாங்கியவர் எழுத்தைத் திருத்தி மறுபடி ஏலத்தில் விட, கேள்வி 5,03,300 டாலர்வரை ஏறியது. கேட்டவர் விளையாட்டுக்குக் கேட்டார், பணம் வரவில்லை என்பது கதையின் பின்பாதி. எண்பது எழுத்துக்காரர் முன்பாதியோடு நிறுத்திக்கொண்டு, கொட்டகையில் இருக்கும் புட்டிகளை எண்ணப் போய்விடுவார்.

ஏழு நாள் முடிந்து ஒருவரும் கேட்கவில்லை என்றால் காரணங்களுக்குக் குறைவில்லை. அன்று ஃபுட்பால் இறுதியாட்டம். தபால் கட்டணம் ஏறிவிட்டது. 2013-இல் கொண்டுவந்த கசீனி என்ற தேடல் இயந்திரத்துக்குத் தன் மேல் தனிப்பட்ட வன்மம். ‘நீங்கள் வாங்குகிறவராக இருந்தால் என்ன தட்டித் தேடுவீர்கள்?’ என்று மனைவி கேட்பார். அவர் விற்ற வாஃபிள் கல்லின் தலைப்பில் கம்பெனி பெயரும் மாடல் எண்ணும் தவிர வேறொன்றும் இருந்ததில்லை. அது அன்றைக்கே போயிற்று. இந்தக் கேள்வி வணிக நுட்பம் தெரியாதவர்கள் கேட்பது என்று ஒதுக்கிவிட்டு, எண்பது எழுத்துக்காரர் கேமராவை மறுபடி பட்டியலிட உட்காருவார். இந்த முறை ‘ரேர்’ போதாது, ‘வெரி ரேர்’ வேண்டும். அதற்கு ஐந்து எழுத்து இடம் தேவை. ‘பிளாக்’ போகிறது. படத்தில்தான் நிறம் தெரிகிறதே! இடைவெளியோடு ஆறு போய் ஐந்து வந்ததில் ஓர் எழுத்து மிச்சம். அதில் நாலாவது ஆச்சரியக்குறி வருகிறது.