கரையில் ஒரு கறுப்புக் கண்ணாடி

தேனி மாவட்டத்தில் கண்மாய்க்கு மடை இருக்கிறதோ இல்லையோ, கறுப்புக் கண்ணாடி போட்ட தூண்டில்காரர் ஒருவர் கட்டாயம் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீரபாண்டித் தடுப்பணை, போடி மீனாட்சிபுரம் கண்மாய், வைகை அணையின் ஓரம் என்று எங்கே போனாலும் இவரைப் பார்க்கலாம். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். வங்கியிலோ பள்ளிக்கூடத்திலோ வேலை. இல்லையென்றால் சின்னமனூரில் சொந்தமாக ஓர் உரக்கடை. தலையில் வட்டத் தொப்பி, இடுப்பில் பை, கையில் ஃபைபர் ராடு. இதெல்லாம் மற்றவர்களிடமும் உண்டு. ஆளை அடையாளம் காட்டுவது மூக்கின் மேல் இருக்கிற சாமான்: பவர் வைத்த போலரைஸ்டு கண்ணாடி.

"என்னாண்ணே, கூலிங் கிளாஸா?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

"கூலிங் கிளாஸு வெயிலுக்குத் தம்பி. இது தண்ணிக்கு."

அப்புறம் நீங்கள் கேட்கவே வேண்டாம், அவரே சொல்வார். வெயில் தண்ணீரில் பட்டுத் தெறிக்கும்போது அந்த ஒளி பெரும்பாலும் கிடைவாட்டில் அதிரும். கண்ணாடிக்குள் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் அதைத் தடுத்துவிட்டு, நெடுவாட்டில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும். பளபளப்பு ஒழிந்தால் தண்ணீருக்குள் இருப்பது தெரியும். 1808-இல் பாரிஸில் மாலுஸ் என்பவர், எதிரே இருந்த அரண்மனை ஜன்னலில் பட்டுத் தெறித்த அந்திவெயிலைப் படிகக் கல் வழியே பார்த்ததில் கதை தொடங்கும். 1815-இல் ப்ரூஸ்டர் கோணக் கணக்குப் போட்டதைத் தொட்டு, 1929-இல் எட்வின் லாண்ட் தம் படலத்துக்குக் காப்புரிமை கேட்டதில் வந்து முடியும். அதற்குள் உங்கள் தக்கை இரண்டு தரம் முங்கி எழுந்திருக்கும்.

ஊரார் இந்தக் கண்ணாடியை வேறு மாதிரிப் புரிந்துகொள்கிறார்கள். தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை இருப்பதால், கறுப்புக் கண்ணாடியோடு யார் எதிரே வந்தாலும் "எந்தக் கண்ணுலய்யா ஆபரேசன்?" என்பதுதான் முதல் விசாரிப்பு. ஆண்டிபட்டிப் பக்கத்துப் பெரியவர்களுக்கு வேறு ஞாபகம். 1984-இல் அமெரிக்க மருத்துவமனையில் படுத்தபடியே அந்தத் தொகுதியில் ஜெயித்தார் எம்.ஜி.ஆர். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒருவர் கரையில் இறங்கினால், அவர்களுக்குக் கை தானாகவே கும்பிடப் போகும். நம்மாளும் மறுக்காமல் பதிலுக்குக் கும்பிட்டுக்கொள்வார்.

கண்ணாடி வாங்கிய கதையைத் தனியாகக் கேட்க வேண்டும். தேனி நேரு சிலைப் பக்கம் ஒரு கண்ணாடிக் கடையில் அரைநாள் உட்கார்ந்திருக்கிறார். முதலில் அவர் ஆசைப்பட்டது, காது வரைக்கும் வளைந்து போகும் ஃபிரேம். "சார், உங்க பவருக்கு அவ்வளவு வளைவு ஆகாது. ஓரத்துல எல்லாம் கோணலாத் தெரியும்" என்றார் கடைக்காரர். அடுத்து நிறம். பளீரென்ற வெயிலில் விரிந்து கிடக்கும் அணைத் தண்ணீருக்குச் சாம்பல் நிறம். ஆழம் குறைந்த கண்மாய்க்கும் வாய்க்காலுக்கும் பழுப்பு. இவர் போவதென்னவோ கண்மாய்க்கு. கேட்டது சாம்பல். வாங்கியது பழுப்பு, மேலே நீல நிறப் பிரதிபலிப்புப் பூச்சு. அந்தப் பூச்சு எதற்கென்றால், எதிரே நிற்பவர் அதில் முகம் பார்த்துத் தலைசீவிக்கொள்ள.

மூன்றாவது சிக்கல்தான் பெரியது. எட்டத்தில் மீனைப் பார்க்க ஒரு பவர், கிட்டத்தில் முள் கட்ட ஒரு பவர். பைஃபோகல் போட்டால் கீழ்ப்பாதியில் படிக்கிற பவர் இருக்கும்; கரைக் கல்லில் கால் வைக்கக் குனிந்தால் கல் ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலும் இருக்கும். தூரப் பவர் மட்டும் போட்டால் நரம்பை முள்ளின் காதில் கோக்க முடியாது. யோசித்து யோசித்துத் தூரப் பவரையே போட்டுக்கொண்டார். அன்று முதல் முள் கட்டித் தருவது பக்கத்தில் நிற்கும் பையன்களின் பொறுப்பு.

இத்தனைக்கும் அவரை விழவைத்தது கடையில் இருந்த ஓர் அட்டை. வெறுங்கண்ணுக்கு அதில் ஒன்றும் தெரியாது. போலரைஸ்டு கண்ணாடி வழியே பார்த்தால் உள்ளே ஒரு மீன் துள்ளும். கடைக்காரர் அட்டையை நீட்டினார், இவர் பார்த்தார், மீன் தெரிந்தது, பணத்தைக் கட்டினார். அன்றைக்குத் தூண்டிலில் மாட்டியது யார் என்று வீட்டம்மாவுக்கு மட்டும் உடனே புரிந்துவிட்டது.

கரையில் அவர் உட்காரும் விதமே தனி. தலையைச் சாய்த்தால் படலத்தின் வாட்டம் மாறிப் பளபளப்பு திரும்பி வந்துவிடும் என்பதால், பல்லக்கில் வரும் உற்சவரைப் போல நிமிர்ந்தே இருப்பார். கூப்பிட்டால் கழுத்து திரும்பாது, உடம்பு முழுக்கத் திரும்பும். ப்ரூஸ்டர் கணக்கு வேறு இருக்கிறது. நேர் செங்குத்திலிருந்து 53 டிகிரி சாய்வில் பார்த்தால்தான் தண்ணீரின் பளபளப்பு அடியோடு அறும். கண் ஐந்தடி உயரத்தில் இருந்தால், ஏறக்குறைய ஆறரை அடி தள்ளியிருக்கும் தண்ணீர்தான் ஆகத் தெளிவாகத் தெரியும். ராடோ அறுபதடிக்கு வீசும். கண்ணாடி காட்டும் இடத்தில் தூண்டில் இல்லை. தூண்டில் கிடக்கும் இடத்தைக் கண்ணாடி சரியாகக் காட்டுவதில்லை.

காட்டினாலும் முழுசாக நம்ப முடியாது. பளபளப்பைத்தான் கண்ணாடி தடுக்கும். தண்ணீருக்குள்ளிருந்து வரும் ஒளி வளைவதை அது என்ன செய்ய முடியும்? நாலடி ஆழத்தில் நிற்கும் மீன், நேர் மேலிருந்து பார்த்தாலும் மூன்றடியில்தான் தெரியும். சாய்ந்து பார்த்தால் இன்னும் மேலே வந்துவிடும். ஆகவே இவர் மண்புழுவை இறக்குவது எப்போதும் மீனின் தலைக்கு மேலேதான்.

"என்னாண்ணே, கடிக்கிதா?"

"கடிக்கலப்பா. ஆனா நிக்கிது. அந்தா, அந்தக் கருவேலங் கட்டைக்குக் கீழ ரெண்டு ஜிலேபி. பக்கத்துல கெண்டை ஒண்ணு."

உடனே நாலு தூண்டில் கருவேலங் கட்டையை நோக்கிப் பறக்கும். மீன் யாருக்காவது மாட்டும். மாட்டியவனைவிட இவருக்குத்தான் பூரிப்பு அதிகம். "சொன்னேன்ல?" என்று சுற்றிலும் பார்ப்பார். அந்த நிமிஷத்தைப் படம் எடுக்கப் போனைக் கிடையாகத் திருப்புவார். திரை கறுத்துவிடும். போன் திரையிலிருந்து வரும் ஒளியும் ஒரே வாட்டத்தில் அதிர்வதுதான் என்று பாடம் மறுபடி தொடங்கும். பையன்கள் மெதுவாக அடுத்த மடைக்கு நகர்வார்கள்.

கலங்கிய குட்டையில் மீன் பிடிக்கிறவர் என்ற பெயர் இவருக்கு எந்த நாளும் வராது. குட்டை கலங்கினால் கண்ணாடிக்கு வேலையே இல்லை. ஜூன் 1-ஆம் தேதி வாக்கில் முல்லைப் பெரியாறு தண்ணீரைக் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் முதல் போகத்துக்குத் திறந்துவிடுவது வழக்கம். அப்போது ஊரே வாய்க்கால் கரையில் நின்று கையெடுத்துக் கும்பிடும். இவர் மட்டும் செந்நிறத் தண்ணீரைப் பார்த்து, "தெளிய நாளாகும்" என்று முகம் சுளிப்பார். விவசாயிகள் காதில் விழாதபடி சொல்வது இவருக்கே நல்லது.

இப்படிப்பட்டவரைக் கண்மாயில் மீன்பாசி குத்தகை எடுத்தவர் ஏன் விட்டுவைக்கிறார்? மற்றவர்கள் தூண்டிலோடு வந்தால் விரட்டுகிறவர், இவருக்குத் துண்டை உதறி இடம் போட்டுத் தருகிறார். காரணம் இரண்டு. ஒன்று, இவரால் நஷ்டம் வந்ததாகச் சரித்திரம் இல்லை. இரண்டு, குத்தகைக்காரருக்கே தெரியாத சேதிகள் இவருக்குத் தெரியும். எந்த மூலையில் கெண்டை மேய்கிறது, எந்தக் கோரைப் புல்லடியில் விரால் சிவந்த குஞ்சுகளைக் கூட்டமாக மேய்க்கிறது என்பதெல்லாம் கண்ணாடி வழியே கண்டவர் இவர் ஒருவரே. குஞ்சோடு நிற்கும் விராலுக்கு எவனாவது தவளையைக் கோத்து வீசினால், அதுவரை அசையாத கழுத்து அப்போது அசையும். "டேய், தாயும் தகப்பனும் காவல் நிக்கிதுடா, எடுடா தூண்டில!" அந்தக் குரலுக்குக் குத்தகைக்காரரே பயப்படுவார். கண்மாய்க்கு இவர் தெரியாமல் செய்யும் உபகாரம் இது. பிடிக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரிந்தவர் கரைக்கு ஒருவர் போதும்.

நீங்களும் இந்தக் கட்சியில் சேருவதானால் இரண்டு வார்த்தை. கண்ணைப் புதிதாகப் பரிசோதித்துப் பவரை எழுதி வாங்கிக்கொண்டு கடைக்குப் போங்கள். பழைய சீட்டு உதவாது. போலரைஸ்டு என்பதும் புற ஊதாக் கதிரைத் தடுப்பதும் வேறு வேறு. இரண்டும் இருக்கிறதா என்று கேளுங்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போன் திரையைச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். எந்தப் பக்கம் திருப்பியும் மங்கவில்லையென்றால் வேறு கண்ணாடி கேளுங்கள். காதோடு ஒரு கயிறும் கட்டிக்கொள்ளுங்கள். கண்மாயில் விழுந்த கண்ணாடியைத் தேட இன்னொரு கண்ணாடி வேண்டியிருக்கும். மற்றபடி உங்களுக்கு வேண்டியது குழம்புக்கு மீன் மட்டும்தான் என்றால், வைகை அணைப் பக்கம் போய்க் காசு கொடுத்து வாங்குங்கள். அதற்கு வெறுங்கண் போதும்.