பெயிண்டில் கரண்ட் ஓடாது

வண்டி துருப்பிடித்துக் கிடந்தவரை எல்லா விளக்கும் ஒழுங்காக எரிந்தன. நான் அதைப் புதுசாக்கிய பிறகுதான் இருட்டு வந்தது.

வண்டி, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. ஜியோவானி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர் வரைந்து, 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த கார். இங்கே அதைத் தயாரித்தது சென்னையிலிருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ். நாலு கதவு வைத்த ஹெரால்டு இந்தியாவில்தான் வந்தது. என்னுடையது அந்த ரகம். நானோ கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். வந்த கரண்ட் அத்தனையும் வெளியேறியாக வேண்டும் என்கிற கிர்க்காஃப் விதியைப் போர்டில் எழுதி, சர்க்யூட் வரைந்து, கடைசியில் எர்த் குறியாக மூன்று கோடு இழுத்துவிட்டு, கையிலிருக்கும் சாக்பொடியைத் தட்டுவதில் எனக்கென்று ஒரு தோரணை உண்டு. ஒரு பழைய காருக்கு ஒயரிங் செய்ய இதைவிட என்ன தகுதி வேண்டும்? ஷெட்டில் கேட்ட கூலியும் என் தன்னம்பிக்கையை வளர்த்தது.

கார் மின்சாதனக் கம்பெனியான லூகாஸ் ஒயர்களுக்கு வகுத்த நிற ஒழுங்கை மனப்பாடம் செய்தேன். பேட்டரியிலிருந்து நேரே வருவது பிரவுன். சாவி போட்டதும் உயிர் பெறுவது வெள்ளை, ஃபியூஸைத் தாண்டினால் பச்சை. ஹெட்லைட்டுக்கு நீலம், பார்க்கிங் விளக்குக்குச் சிவப்பு. பிரேக் லைட்டுக்கான, பச்சையில் ஊதாக்கோடு போட்ட ஒயருக்காகச் சென்னை ஜி.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கறுப்புக்கு மட்டும் அலையவில்லை. கறுப்பு வெறும் எர்த்தானே? வீட்டில் மீந்து கிடந்த ஒயரை வெட்டி, பளபளக்கும் புது பெயிண்டின் மேல் பளபளக்கும் புது போல்ட்டால் முடுக்கி, போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். நிறைய கைதட்டல் வந்தது.

காரில் ஒவ்வொரு விளக்குக்கும் போவது ஒரு ஒயர்தான். கரண்ட் பேட்டரிக்குத் திரும்பி வர, வண்டியின் இரும்பு உடம்பே இன்னொரு ஒயர். அந்த உடம்புக்குப் பிரைமர், பெயிண்ட் எல்லாம் பூசி, சேஸிஸுக்கு பவுடர் கோட்டிங்கும் கொடுத்து, திரும்பும் வழி அத்தனையையும் காசு கொடுத்து அடைத்திருந்தேன்.

சாவியைத் திருப்பினேன். செல்ஃப் மோட்டார் ‘டக்’ என்றது. மறுபடி ‘டக்’. அப்புறம் டாஷ்போர்டுக்குக் கீழிருந்து புகை. எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதையும் பாடியையும் இணைக்கும் பின்னல் பட்டையின் முனையோ பெயிண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. செல்ஃப் இழுப்பது 100 ஆம்பியருக்கு மேல். அது எப்படியாவது திரும்பியாக வேண்டும். எஞ்சினிலிருந்து பாடிக்கு வெறும் இரும்பாக மிச்சமிருந்தது சோக் கேபிள் ஒன்றுதான். பாவம், அந்த மெல்லிய கம்பிச்சுருள் சூடேறிச் சிவந்துவிட்டது. “என்ன வாசனை?” என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள். புது பெயிண்ட் அப்படித்தான் இருக்கும் என்றேன். பெயிண்ட்தான் காரணம் என்ற அளவில் அது பொய்யில்லை.

எப்படியோ வண்டியைக் கிளப்பினால், பின்பக்கம் வேறு வேடிக்கை. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக விழிக்கும். இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் விளக்கும் சேர்ந்து கண்ணடிக்கும். ஃப்ளாஷரை மாற்றினேன், பிரேக் சுவிட்சை மாற்றினேன். விஷயம் இதுதான்: பின்விளக்கு பல்பில் 21 வாட், 5 வாட் என இரண்டு இழை, இரண்டுக்கும் எர்த் ஒன்றே. அது செத்துப்போனால், ஓர் இழையில் வந்த கரண்ட் அடுத்த இழை வழியாகத் தலைகீழாக ஏறி, மற்ற விளக்குகளுக்குள் புகுந்து வழி தேடும். கிர்க்காஃப் தன் விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்துக்கொண்டிருந்தார், நடத்தியவனுக்குத்தான் மறந்துவிட்டது.

பெட்ரோல் முள் இருப்பதைவிடக் கூடவே காட்டியது. முள்ளுக்கு 10 வோல்ட் மட்டும் அனுப்ப வேண்டிய ஸ்டெபிலைசருக்கும் எர்த் இல்லை. வண்டி நல்ல மைலேஜ் கொடுக்கிறது என்று மைத்துனரிடம் பெருமை பேசிய வாரமே, கால் டேங்க் காட்டிக்கொண்டிருக்கும்போது நடுரோட்டில் நின்றது.

ஹெட்லைட் மங்கியதற்கு மட்டும் என்னிடம் ஆயத்தமாக ஒரு பதில் இருந்தது. அந்த லூகாஸ் கம்பெனியின் ஜோசப் லூகாஸை ‘இருளின் இளவரசர்’ என்று பழைய கார்க்காரர்கள் கேலி செய்வதுண்டு. வந்தவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தேன். என் எர்த் மேல் எனக்குச் சந்தேகமே இல்லை, ஏனென்றால் மல்டிமீட்டர் ‘பீப்’ என்றது. அந்த பீப்புக்கு ஒரு துளி கரண்ட் போதும். ஒயரில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மகிழ்ச்சியாகக் கத்தும். 60 வாட் ஹெட்லைட்டுக்கோ 5 ஆம்பியர் வேண்டும். வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் 30 சதவீதம் போய்விடும்.

கடைசியில் தெருமுனை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் மீட்டரே எடுத்து வரவில்லை. பேட்டரி நெகட்டிவிலிருந்து நீள ஒயர் ஒன்றை இழுத்து ஹெட்லைட்டின் எர்த் முனையில் வைத்தார். எதிர்ச்சுவர் வெளுத்தது.

“பெயிண்ட்ல கரண்ட் ஓடாது சார். தெரியாதா?”

“தெரியும்பா.”

“தெரிஞ்சுதான் பண்ணீங்களா?”

தெரியாது என்றே சொல்லியிருக்கலாம்.

அடுத்த சில நாள் உப்புத்தாளும் கையுமாக, காசு கொட்டி அடித்த பெயிண்டை நானே சுரண்டினேன். இரும்பு தெரியும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு, முடுக்கி, துரு பிடிக்காமலிருக்க மேலே வாசலின். விளக்கை எரியவிட்டு, பேட்டரி நெகட்டிவுக்கும் விளக்கின் எர்த்துக்கும் நடுவே வோல்ட் பார்த்தால் 0.2-க்குள் இருக்க வேண்டும். என் இடது ஹெட்லைட்டில் 2-ஐத் தாண்டியது. ஹெரால்டின் பானெட், மட்கார்டு ஹெட்லைட் சகிதம் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். மூடினால் ரப்பர் குமிழ்கள் மேல் உட்காரும். மிச்சமிருந்த கீல்களுக்கும் ஆசையாகப் பெயிண்ட் அடித்திருந்தேன். இப்போது பானெட்டிலிருந்து பாடிக்குத் தனியாக ஒரு தடித்த கறுப்பு ஒயர் போகிறது. அது கடையில் காசு கொடுத்து வாங்கியது.

ஹாரன் மட்டும் அடிக்கவில்லை. ஹாரனுக்கு ஸ்டியரிங் தண்டு வழியாகத்தான் எர்த். தண்டின் நடுவில் ஒரு ரப்பர் இணைப்பு இருக்கிறது. அதைத் தாண்டிவர ஒரு துண்டு ஒயர் இருந்தாக வேண்டும். அந்தத் துண்டு இருக்கவும் இருந்தது. வண்டியைப் பிரித்தபோது, யாரோ அரைகுறை மெக்கானிக்கின் ஒட்டுவேலை என்று திட்டிக்கொண்டே வெட்டி எறிந்திருந்தேன். புதிதாக ஒன்று போட்டேன், அடித்தது. ஆனால் போடுகிற அவசரத்தில் பட்டனுக்கு வரும் ஒயரை எங்கோ உரசவிட்டிருக்கிறேன் போலிருக்கிறது. ஸ்டியரிங்கை வலது பக்கம் முழுதாக ஒடித்தால் ஹாரன் தானாகவே அலறுகிறது. எங்கள் வீட்டு கேட்டிலிருந்து வெளியே வர வலது பக்கம் முழுதாகத்தான் ஒடித்தாக வேண்டும். எதிர்வீட்டுக்காரர், நான் வணக்கம் சொல்வதாக நினைத்துத் தினமும் கையாட்டுகிறார்.