மீட்டருக்கு மேல எவ்வளவு?

கேள்வி: சமக்குறிக்கு அந்தப் பக்கம் போனால் பிளஸ் ஏன் மைனஸ் ஆகிறது?
(பத்தாம் வகுப்பு மாணவி, கொரட்டூர்)

எதுவும் எங்கேயும் போகவில்லை. எக்ஸ் + 7 = 19 என்றால் இரண்டு பக்கமும் ஏழைக் கழிக்கிறோம். இடப்பக்கம் ஏழு ஒழிந்தது. வலப்பக்கம் 19 - 7, அதாவது 12. அவசரத்தில் இதைத்தான் வாத்தியார் ‘தாண்டினால் குறி மாறும்’ என்கிறார். கட்சி மாறுவதெல்லாம் வேறு துறை.

கேள்வி: பூச்சுக்கு 1:4 என்றால் கலவையில் கால்வாசி சிமென்ட்தானே?
(வீடு கட்டுபவர், திருமுல்லைவாயல்)

இல்லை, ஐந்தில் ஒரு பங்கு. ஒரு சட்டி சிமென்ட், நாலு சட்டி மணல், ஆக ஐந்து. 25 சட்டி வேண்டுமானால் 5 சிமென்ட், 20 மணல். கால்வாசி போட்டால் அது 1:3. சிமென்ட் கடைக்காரர் உங்களை மறக்கவே மாட்டார்.

கேள்வி: ஆட்டோ மீட்டரில் 85 ரூபாய். எத்தனை கிலோமீட்டர் வந்திருப்பேன்?
(பயணி, அம்பத்தூர் ஓ.டி.)

2013-ல் அரசு வகுத்த கட்டணப்படி முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. மினிமத்தைத் தாண்டிய தூரம் எக்ஸ் என்றால், 25 + 12 எக்ஸ் = 85. எக்ஸ் = 5. பலரும் இங்கேயே பேனாவை மூடிவிடுவார்கள். மினிமத்துக்குள் இருக்கும் 1.8-ஐ யார் சேர்ப்பது? விடை 6.8 கி.மீ. அண்ணன் ‘மேல போட்டுக் குடுங்க’ என்று ஆரம்பித்தால் மட்டும் கணக்கு நிற்காது: தெரியாதவை இரண்டு, சமன்பாடு ஒன்று.

கேள்வி: லேத்தில் மரை வெட்டுகிறேன். விகிதமெல்லாம் பள்ளியோடு முடிந்தது என்று நினைத்தேனே?
(டர்னர், அம்பத்தூர் எஸ்டேட்)

பள்ளியில் பெயிலானவர்களும் 1964 முதல் அந்த எஸ்டேட்டில் அதைத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் லீட் ஸ்க்ரூ பிட்ச் 6 மி.மீ., வெட்ட வேண்டிய மரை 1.5 மி.மீ. என்று வையுங்கள். 1.5-ஐ 6-ஆல் வகுத்தால் 1:4. ஸ்பிண்டில் பக்கம் 20 பல், ஸ்க்ரூ பக்கம் 80 பல் கியர். ஜாப் ஒரு சுற்று சுற்றினால் ஸ்க்ரூ கால் சுற்று, டூல் 1.5 மி.மீ. நகரும்.

பழைய இஞ்ச் லேத்தில்தான் வேடிக்கை. லீட் ஸ்க்ரூவில் இஞ்சுக்கு 4 மரை, நீங்கள் வெட்டுவதோ 2 மி.மீ. ஒரு இஞ்ச் 25.4 மி.மீ. ஆக விகிதம் 8:25.4, இரண்டையும் ஐந்தால் பெருக்கினால் 40:127. கியர் பெட்டியில் 127 பல்லோடு ஒன்று கிடக்கிறதே, அது இதற்குத்தான். 127 பகா எண். அடித்துச் சுருக்கிச் சின்ன கியரில் ஒப்பேற்ற வழியில்லை.

கேள்வி: ஒருவர் 8 மணி நேரத்தில் முடிக்கும் வேலையை 8 பேர் 1 மணியில் முடிப்பார்களா?
(சூப்பர்வைசர், பாடி)

லேத்தும் எட்டு இருந்தால். இல்லையேல் ஒருவர் ஓட்டுவார், ஏழு பேர் டீக்கடையில்.

கேள்வி: அப்பா வயது, மகன் வயது, மாட்டு விலை... இந்தக் கணக்குகளை யார் ஆரம்பித்தது?
(பெற்றோர், ஆவடி)

அப்பாவை அறியேன். மாட்டு விலையைக் கண்டுபிடிக்கும் விதி 499-ல் ஆரியபட்டர் எழுதிய ‘ஆரியபட்டீய’த்தில் இருக்கிறது. ஒருவரிடம் 3 மாடு, 100 காசு. இன்னொருவரிடம் 5 மாடு, 40 காசு. சொத்து சமம். காசு வித்தியாசம் 60. மாடு வித்தியாசம் 2. வகுத்தால் ஒரு மாடு 30 காசு. இரண்டு பேரிடமும் 190, போட்டுப் பாருங்கள்.

கேள்வி: தமிழில் இப்படி ஏதாவது?
(அதே பெற்றோர்)

காரி நாயனாரின் ‘கணக்கதிகாரம்’ பலாப்பழத்தை வெட்டாமலே சுளை எண்ணச் சொல்கிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். 100 முள் என்றால் 120 சுளை. சரிபார்ப்பதானால் வெட்டியதும் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணுங்கள். பிள்ளைகள் உள்ளே வந்துவிட்டால் விதியின் மேல் பழி போட முடியாது.