லினக்ஸ் அறிவுரைகள்: காலம், பாடபேதம், இடைச்செருகல்

இணையத்தில் உலவும் லினக்ஸ் அறிவுரைகளைத் தனிப்பாடல் வகையில் சேர்ப்பதே முறை. பாடியவர் யார், எந்தச் சூழலில் பாடினார் என்பது தெரியாது. ஆனால் ஆளுக்கு ஆள் ஒப்பிக்கிறார்கள். வைஃபை வரவில்லை, ஒலி கேட்கவில்லை என்று தேடுபவருக்கு முதலில் கிடைப்பது ஒற்றைவரிக் கட்டளையும், “இதை ஓட்டுங்கள், சரியாகிவிடும்” என்ற உரையும்தான். ஆகவே ஏட்டுச்சுவடிப் பதிப்பாசிரியர்கள் கைக்கொண்ட முறைகளை இங்கும் பொருத்திப் பார்ப்பது தகும்.

முதலில் காலக்கணிப்பு. பக்கத்தின் தலையில் உள்ள தேதியை நம்பலாகாது. புத்தாண்டு பிறந்ததும் தலைப்பில் ஆண்டை மட்டும் மாற்றி, உள்ளே பழைய சரக்கையே வைத்திருக்கும் தளங்கள் ஏராளம். அகச்சான்றே கதி. ‘இனிட்.டி’ கோப்புறை வழியாக ஒரு சேவையை நிறுத்தச் சொன்னால், அப்பாடல் பெரும்பாலும் 2015-க்கு முற்பட்டது எனக் கொள்க. டெபியன் 8, உபுண்டு 15.04 ஆகிய லினக்ஸ் வெளியீடுகள் இரண்டும் அவ்வாண்டு ஏப்ரலில்தான், சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி-யோடு வெளிவந்தன. பிணைய அமைப்பைக் காட்டும் ‘ஐஎஃப்கான்ஃபிக்’ கட்டளை தென்பட்டால் கூடுதல் நிதானம் வேண்டும். 2017-இல் வந்த டெபியன் 9-லேயே அது தானாக நிறுவப்படுவதில்லை. அதன் இடத்தில் ‘ஐபி’ கட்டளை உட்கார்ந்துவிட்டது. ஆயினும் பழகிய விரல்கள் இன்றும் அதையே தட்டுகின்றன. பழஞ்சொல் கிடைத்ததாலேயே நூல் பழையது என்று தீர்ப்பெழுதி மாட்டிக்கொண்ட அறிஞர்கள் இலக்கியத்திலும் உண்டு.

ஏடெழுதுவோர் பிழை தனி இனம். சில வலைப்பதிவு மென்பொருள்கள் அடுத்தடுத்த இரு சிறுகோடுகளை ஒரே நீள்கோடாக ஒட்டிவிடும். நேரான மேற்கோள்குறியை வளைத்துவிடும். கண்ணுக்கு அழகுதான், கட்டளையை வாங்கி இயக்கும் ஷெல்லுக்குப் புரியாது.

இனி இடைச்செருகல். “பிரெஞ்சு மொழிப் பொதி உங்களுக்கு எதற்கு? நீக்கினால் இடம் மிச்சம்” என்று சொல்லி, ‘ஆர்எம்’ கட்டளையோடு ‘எஃப்ஆர்’ சேர்த்து, கடைசியில் ஒரு சாய்கோடும் போட்டுக் கொடுப்பது பழைய குறும்பு. எஃப்ஆர் என்பதற்கும் பிரான்சுக்கும் உறவில்லை. ‘கேள்வி கேட்காதே, அடியாழம் வரை அழி’ என்பதே உரை. சாய்கோடு என்பது கோப்பு மரத்தின் வேர். 2006-இல் குனு ஆசிரியர்கள், வேரை அழிக்கச் சொன்னால் ஆர்எம் தானாகவே மறுக்கும்படி திருத்தினர். குறும்பர்கள் அசரவில்லை, சாய்கோட்டின் பின்னால் ஒரு நட்சத்திரக்குறியைச் சேர்த்தனர். நட்சத்திரத்தை ஷெல்லே முன்கூட்டி விரித்துக் கோப்புறைப் பெயர்களாக்கித் தந்துவிடுவதால், வேர் என்ற பேச்சே ஆர்எம்-மின் காதில் விழாது. ஒரே குறி மாறிய பாடபேதம், விளைவு பழையதுதான். எழுத்தே இல்லாமல், குறிகளை மட்டும் வைத்துக் கணினியைத் திணறடிக்கும் வரியும் ஒன்றுண்டு. ஒட்டிப் பார்க்கும் வாசகரை உத்தேசித்து அது இங்கே அச்சிடப்படவில்லை.

குறும்பைவிட ஆபத்தானது நல்லெண்ணம். கோப்பைத் திறக்க அனுமதி இல்லையா? ‘சிஎச்மாட் 777’ என்பார்கள். இதன் கேடே, அது உடனே வேலை செய்வதில் இருக்கிறது. அதையே வேரிலிருந்து மரம் முழுவதற்கும் செலுத்தினால், நிர்வாகி உரிமை வழங்கும் சூடோ தன் சிறப்பு அனுமதிக்குறியை இழந்து இயங்க மறுக்கும். தனிச்சாவி ஊரறியக் கிடப்பதால், தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் அதை ஏற்காது. எல்லாருக்கும் எல்லா உரிமையும் வழங்கிய கணத்தில் நிர்வாகி மட்டும் வாசலில் நிற்பார்.

பாடல் சரியாக இருந்து துறைக்குறிப்பு தவறுவதும் உண்டு. 2021 நவம்பரில் வெளியான காணொளியில், கனடா நாட்டு யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸ் வெளியீட்டில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளை நிறுவ முயன்றார். கட்டளையில் பிழையில்லை. அன்றைய பொதிகளுக்கிடையே இருந்த குழப்பத்தால், ஸ்டீம் வேண்டுமானால் டெஸ்க்டாப்பையே தூக்கவேண்டும் என்று, பொதிகளை நிறுவும் ஏபிடி கணக்குப் போட்டது. தீங்கு நேரலாம் என எச்சரித்து, ‘ஆம், சொன்னபடி செய்’ என்ற பொருள்படும் ஆங்கில வாக்கியத்தைத் தட்டச்சு செய்யச் சொன்னது. அவர் தட்டினார். அதுவும் சொன்னபடி செய்தது. எந்த வெளியீடு, எந்தப் பதிப்பு, எந்தப் பிழைச்செய்தி என்று சொல்லும் அறிவுரைக்கு முதல் மதிப்பெண் தருவது இதனால்தான். மூன்றும் இல்லாமல் “எனக்கு வேலை செய்தது” என்று மட்டும் முடிவது வெறும் சுயசரிதை.

மூலப்பிரதி எங்கே என்றால், கணினிக்குள்ளேயே. ‘மேன்’ பக்கங்கள் பொதுவாக நிறுவிய பதிப்போடு சேர்ந்தே வருவதால் காலக்குழப்பம் குறைவு. படிக்க ஆள்தான் குறைவு.

அண்மையில் புதுவகை ஏடெழுதுவோர் வந்திருக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் இல்லாத பொதிகளுக்கும் பெயர் சூட்டி, நிறுவச் சொல்கின்றன. அப்படி அவை அடிக்கடி சொல்லிவந்த ‘ஹக்கிங்ஃபேஸ்-சிஎல்ஐ’ என்ற பெயரில், பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் பைத்தான் பொதிக் கிடங்கில் ஒரு வெற்றுப்பொதியை ஏற்றிவைத்தார். மூன்றே மாதங்களில் அது 30,000 முறைக்கு மேல் இறக்கப்பட்டதாக 2024-இல் அறிவித்தார். பெரிய சீன நிறுவனம் ஒன்றின் ஆய்வுத்திட்டக் கையேட்டிலும் அப்பெயர் நிறுவல் குறிப்பாக ஏறியிருந்தது.