எழுபது வளைவு ஏறும் கணினி

கேள்வி: வீட்டிலும் பயணத்திலும் போட்டோ எடிட் செய்ய வேண்டும். டெஸ்க்டாப்பா, லேப்டாப்பா?
– வாசகர், ராசிபுரம்

பதில்: கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையிலும் உங்களோடு திரும்பக்கூடியது லேப்டாப்தான். ரேம் 16 ஜிபிக்குக் குறைய வேண்டாம். பல மாடல்களில் அதை மதர்போர்டோடு பற்றவைத்தே விற்கிறார்கள், பிறகு கூட்ட முடியாது. எஸ்எஸ்டி 1 டிபி.

காசைத் தாராளமாகச் செலவழிக்க வேண்டியது திரைக்குத்தான். எஸ்ஆர்ஜிபி நிறங்களை 100 சதவீதம் காட்டும் ஐபிஎஸ் திரையா என்று கேளுங்கள். '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று போட்டிருந்தால், என்ன தள்ளுபடி தந்தாலும் வேண்டாம். அந்தத் திரையை நம்பிக் கல்யாணப் படங்களைத் திருத்தினால் பெண்ணின் அரக்குப் பட்டு ஆல்பத்தில் வேறு சிவப்பாகிவிடும். மாப்பிள்ளையின் சேலம் வெண்பட்டு மஞ்சளடிக்கும். இரண்டு வீட்டாருக்கும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்!

கேமிங் லேப்டாப்புகள் பெரும்பாலும் பிளக்கைப் பிடுங்கியதும் வேகம் குறைந்துவிடும். ஆப்பிளின் எம் வரிசைச் சிப் உள்ளவை பேட்டரியிலும் ஏறக்குறைய அதே வேகத்தில் ஓடும். வீட்டில் இருக்கும்போது நல்ல மானிட்டர் ஒன்றை இணைத்துக்கொள்ளுங்கள், டெஸ்க்டாப் ஆசையும் தீரும்.

மலையை விட்டு இறங்கும் முன் படங்களை இன்னொரு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி, அதை வேறு பையில் வையுங்கள்.