விடுமுறை வேலைக்கு அனுப்பலாமா?

கேள்வி: எஸ்.பி.எம். முடித்த என் 17 வயது மகன், தம்புன் கேளிக்கைப் பூங்கா போன்ற இடத்தில் வேலைக்குப் போகிறேன் என்கிறான். அனுப்பலாமா? (வாசகர், தஞ்சோங் மாலிம்)

பதில்: தாராளமாக அனுப்புங்கள் அம்மா, ஆனால் சட்டத்தையும் அவன் சட்டைப்பையில் போட்டு அனுப்புங்கள். 1966-ஆம் ஆண்டின் சிறுவர், இளையோர் வேலைச் சட்டப்படி 18 வயது நிரம்பாத இளையோருக்கு ஒரு நாளைக்கு 7 மணி நேரம்தான் வேலை. தொடர்ந்து 4 மணி நேரம் உழைத்தால் அரை மணி ஓய்வு. இரவு 8 முதல் காலை 6 வரை பொதுவாக வேலையே கிடையாது. தம்புனில் வெந்நீரூற்றுப் பகுதி இரவிலும் களைகட்டும். கூட்டம் அதிகம் என்று "இன்னும் ரெண்டு மணி நேரம் நில்லு தம்பி" என்றால், முடியாது என்று சொல்ல அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சறுக்குக் குளத்தருகே வெயிலில் நிற்பவனுக்கு அந்த அரை மணி சலுகையல்ல, உரிமை. சம்பளச் சீட்டும் சொக்சோ சந்தாவும் உண்டா என்று முதல் நாளே கேட்கட்டும்.

"தோட்டத்தில் நாங்கள் பள்ளி விட்டதும் ஒட்டுப்பால் பொறுக்கவில்லையா, யார் மணி பார்த்தார்கள்?" என்று தாத்தா கேட்பார். யாரும் பார்க்கவில்லை என்பதுதான் கொடுமை. அந்தப் பிள்ளைகளின் உழைப்பு பெற்றோர் கணக்கில் கரைந்தது. பேரனின் உழைப்பு அவன் பெயரிலேயே பதிவாகட்டும். படிப்பு கெடும் என்பதும் நியாயமான கவலைதான். கையில் காசு புரண்டதும் ஆறாம் படிவத்தை மறப்பவர்கள் உண்டு. பூங்கா வேலையை நம்பிப் படிப்பை விட முடியாது என்பதற்கு உதாரணமாக, 2017-இல் ஈப்போவில் கோலாகலமாகத் திறந்த மேப்ஸ் கேளிக்கைப் பூங்கா, 2020 தொடக்கத்திலேயே மூடப்பட்டதை அவனுக்குச் சொல்லுங்கள். தேர்வு முடிவு வரும் வரைதான் வேலை என்று இப்போதே பேசி முடித்துவிடுங்கள்.